முனிராஜ் லேமினேஷன் செய்த உத்தரவு

ஓசூரில் நான் கடைசியாக உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது தேவி என்றொரு பெண் உட்காருகிறார். போன மாதம் ஒரு மத்தியானம், நான் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரப் போகும் நேரம் பார்த்து அவரிடமிருந்து போன் வந்தது. ஊனப் பயன் கேட்டிருந்த ஒரு தொழிலாளிக்கு, இழப்பு ஒன்றும் இல்லை என்று டாக்டர்கள் குழு எழுதிவிட்டதாம். அந்த ஆள் வந்து உத்தரவை வாங்கிக்கொண்டு, மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டாராம். ஃபைலை மூடிவிடலாமா என்று கேட்டார்.

"மூடாதீங்கம்மா. முதல்ல அந்த ஆளைக் கூப்பிட்டு உட்கார வைங்க" என்றேன்.

எதற்கு என்றார். சொல்ல ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். நடுவில் இரண்டு தடவை, கவுன்டரில் ஆள் நிற்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தார். நான் விடவில்லை. கடைசியில், "இதை அப்படியே எழுதிக் குடுத்துடுங்க சார், எல்லாரும் படிப்பாங்க" என்றார். என் வாயை அடைக்க அவர் கண்டுபிடித்த வழி அது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். இதில் என் தப்பும் ஒன்று இருக்கிறது. அதைப் போனில் சொல்லும்போது கொஞ்சம் பூசி மெழுகிவிட்டேன்.

தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். சொந்த ஊர் அரூர்ப் பக்கம். சென்னையில் தபால் பிரிக்கவும், ஃபைல் தைக்கவும், பெரியவர்கள் எழுதிய குறிப்பைப் பார்த்து அதே மாதிரி எழுதவும் கற்றுக்கொண்டதில் முதல் ஏழெட்டு வருடம் போயிற்று. அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பிறகு ஓசூர்க் கிளைக்கு மாற்றல் வந்தது. இங்கே ஒரே கவுன்டரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வரும். நான் தமிழில் கேட்பேன், எதிரே நிற்பவர் தெலுங்கில் பதில் சொல்வார், பின்னால் நிற்பவர் அதைக் கன்னடத்தில் திருத்துவார். ஒரே வருடத்தில் மூன்றும் எனக்கு அரைகுறையாக வந்துவிட்டன.

எங்கள் வேலை இன்னதென்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கம்பெனியில் ஒருவருக்குக் கையோ காலோ அடிபட்டால் கம்பெனி எங்களுக்கு விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். அவர் சிகிச்சையில் இருக்கும் நாட்களுக்கு நாங்கள் உதவித்தொகை கொடுப்போம். புண் ஆறிய பிறகும் குறை நின்றுவிட்டால் நிரந்தர ஊனப் பயனுக்கு விண்ணப்பம் போடலாம். விண்ணப்பம் டாக்டர்கள் குழுவுக்குப் போகும். நாங்கள் அதை போர்டு என்போம். உழைத்துச் சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போய்விட்டது என்று போர்டு சொல்லும். அந்த அளவுக்கு ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும். போர்டு சொன்னது சரியில்லை என்று பட்டால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதை ஒரு நீதிபதியும் இரண்டு டாக்டர்களும் விசாரிப்பார்கள்.

படித்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடுகிறது. அடிபட்டவருக்கு இதை யார் சொல்வது? கவுன்டரில் இருந்த நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னதில்லை. நோட்டீஸை நீட்டி, கையெழுத்து வாங்கி, அடுத்த ஆளைக் கூப்பிடுவதில் நான் கெட்டிக்காரன். ஒரு நாளில் நான் அனுப்பிவைக்கும் கூட்டத்தைப் பார்த்து மற்ற குமாஸ்தாக்கள் மூக்கில் விரலை வைப்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது.

அப்போது எங்களுக்கு மேனேஜராக இருந்தவர் பாக்கியலட்சுமி மேடம். திருநெல்வேலிக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஃபைலை ஜன்னலோரம் நின்றுகொண்டேதான் படிப்பார். காதில் ஒரு பென்சில் இருக்கும். நாம் எழுதிய குறிப்பில் சந்தேகம் வந்தால் ஓரத்தில் பென்சிலால் இரண்டே வார்த்தை எழுதுவார்: "பார்த்ததா? கேட்டதா?" நீ எழுதியிருப்பது உன் கண்ணால் பார்த்ததா, சம்பந்தப்பட்ட ஆளைக் கேட்டுத் தெரிந்துகொண்டதா என்று அர்த்தம். இரண்டும் இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடியும் எழுத வேண்டும். ஒரு குறிப்புக்காக என்னைப் பேரண்டப்பள்ளி வரை பஸ்ஸில் அனுப்பி, ஒரு பட்டறையின் படிக்கட்டை எண்ணிவிட்டு வரச் சொன்னவர் அவர். வயிறு எரியப் போய்விட்டு வந்தேன்.

இனி முனிராஜ். சானமாவுக் காட்டைத் தாண்டி, ராயக்கோட்டை ரோட்டில் ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு. தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். தகட்டை அச்சுக்குள் வைத்தால் மேலிருந்து பிரஸ் இறங்கி அடிக்கும். ஒரு நாள் தகட்டோடு வலது கையும் உள்ளே போய்விட்டது. முழுதாக மாட்டியிருந்தால் விரல்கள் போயிருக்கும். ஓரத்தில் நசுங்கியதால் விரல்கள் ஐந்தும் தப்பின. அவை தப்பியதுதான் பிற்பாடு வினையானது. விரல் துண்டாகிப் போயிருந்தால் இந்த விரலுக்கு இவ்வளவு என்று பட்டியலே இருக்கிறது. யாரும் மறுக்க முடியாது. முனிராஜின் கை பார்வைக்கு முழுசாக இருந்தது. உள்ளே நரம்பு செத்துப் போயிருந்தது.

அவருடைய விண்ணப்பத்தை நானே நிரப்பி, எதற்கென்று சொல்லாமல் கையெழுத்து வாங்கியிருந்தேன். போர்டு நோட்டீஸ் வந்தபோதும் வழக்கம்போல நீட்டினேன். சேலத்தில் டாக்டர்கள் பார்ப்பார்கள், இந்தத் தேதிக்குப் போய்விடுங்கள் என்றேன். அவர் இடது கையால் கையெழுத்துப் போட்டார். எனக்கு அது கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

சில வாரம் கழித்து அவரே ஓர் இனிப்புப் பெட்டியோடு வந்தார். தலை படிய வாரி, சட்டையைப் பேண்டுக்குள் விட்டு, கல்யாணத்துக்கு வந்தவர் போல இருந்தார். "நல்லபடியா முடிஞ்சுதுங்க சார். லெட்டர் வந்துடுச்சு" என்று சொல்லி ஒரு மைசூர்பாகை எடுத்துக் கொடுத்தார். கவுன்டரில் பதினைந்து பேர் நின்றார்கள். ரொம்ப சந்தோஷம் என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டேன். பெட்டி அலுவலகத்தைச் சுற்றி வந்தது. லெட்டரில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவரை நான் மறந்தே போனேன். ஒரு நாள் காலையில் கௌரம்மா என்ற அவர் மனைவி வந்தார். சானமாவில் யானைகள் ரோட்டைக் கடக்கிறதென்று பஸ்ஸை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டார்களாம்; அதனால் தாமதம் என்று, நான் என்னவோ அவரை வரச் சொல்லியிருந்த மாதிரி மன்னிப்புக் கேட்டார். பிறகு துணிப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். தாள் என்று சொல்வது தப்பு. பளபளவென்று லேமினேஷன் செய்திருந்தார்கள். போர்டின் உத்தரவு. சம்பாதிக்கும் திறனில் இழப்பு எதுவும் இல்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்று ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. கீழே சீல்.

"இதை எதுக்கும்மா லேமினேஷன் பண்ணினீங்க?"

"அவரு பாஸாயிட்டாருன்னுதான் சார் நெனச்சோம்" என்றார் கௌரம்மா.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் மேலே சொல்லச் சொல்லச் சிரிப்பு போய், காது சூடாகிவிட்டது.

முனிராஜின் கம்பெனியில் வருடா வருடம் ஒரு டாக்டர் வருவார். கேட்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டு எல்லோரையும் பார்ப்பார். கண், காது, கை, கால். ஒன்றும் குறையில்லை என்றால் அடுத்த வருடம் வேலை உண்டு. குறை என்று எழுதினால் அந்த ஆளை மெல்ல ஓரங்கட்டிவிடுவார்கள். பல கம்பெனிகளில் அன்றைக்கு இதுதான் வழக்கம். முனிராஜ் அந்த மேசையை வருடா வருடம் தாண்டி வந்தவர். டாக்டர் முன்னால் போய் நிற்பதென்றால் குறையை மறைத்துக்கொண்டு நிற்பது என்றுதான் அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கற்றிருந்தார். அவரிடம் போய், அந்த போர்டு வேறு, குறை எவ்வளவு என்று அளக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

கேன்டீனில் ஒருவர், ஏற்கெனவே போர்டுக்குப் போய் வந்தவர், அங்கே என்னென்ன செய்யச் சொல்வார்கள் என்று சொல்லியிருக்கிறார். மேசையில் நாணயத்தை வைத்து எடுக்கச் சொல்வார்கள். பேனா பிடிக்கச் சொல்வார்கள். டம்ளரில் தண்ணீர் கொடுத்துத் தூக்கச் சொல்வார்கள். அவ்வளவுதான். முனிராஜ் மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து இந்த மூன்றையும் பழகியிருக்கிறார். காலையில் நாணயம், மத்தியானம் பேனா, சாயங்காலம் டம்ளர். ஆரம்பத்தில் உடைந்த கண்ணாடி டம்ளர்களுக்குக் கணக்கில்லை என்றார் கௌரம்மா. கடைசியில் மூன்றும் வந்துவிட்டன. சேலத்தில் அவர் செய்து காட்டிய லட்சணத்தில் டாக்டர்கள் இழப்பு இல்லை என்று எழுதினார்கள். டாக்டர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பார்த்ததை எழுதினார்கள்.

உத்தரவின் ஜெராக்ஸைக் கம்பெனியில் கொடுத்ததும், கை சரியாகிவிட்டதல்லவா என்று அதே பிரஸ்ஸில் உட்கார வைத்திருக்கிறார்கள். தகட்டின் விளிம்பு விரலுக்குத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஓட்ட வேண்டியதில் கால்வாசிகூட ஓடவில்லை. சூப்பர்வைசர் கூப்பிட்டு, கை நன்றாக இருக்கிறது என்று நீயே பேப்பர் கொடுத்திருக்கிறாய், அப்படியானால் இது சோம்பேறித்தனம்தான் என்று சொல்லி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார். வேலையும் இல்லை, ஊனப் பயனும் இல்லை. முனிராஜ் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டை விட்டு வெளியே வருவதில்லையாம். "எதாவது பண்ண முடியுங்களா சார்?" என்று கௌரம்மா கேட்டார். அவர் அழவில்லை. அழுதிருந்தால் நான் நாலு சமாதான வார்த்தை சொல்லித் தப்பித்திருப்பேன்.

உத்தரவின் தேதியைப் பார்த்தேன். மேல்முறையீட்டுக்கான மூன்று மாதம் முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம். அதற்குத் தக்க காரணம் வேண்டும். அன்று சாயங்காலம் உட்கார்ந்து, தாமதத்துக்குக் காரணமாக அலுவலகக் குறிப்பு ஒன்று எழுதினேன். உத்தரவு விண்ணப்பதாரருக்குத் தாமதமாகக் கிடைத்ததாகத் தெரிய வருகிறது என்று எழுதினேன். தபால்காரர் தலையில் போட்டுவிட்டால் யாருக்கும் சேதம் இல்லை. அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் குறிப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சில் எழுத்து: "பார்த்ததா? கேட்டதா?"

உள்ளே போனேன். மேடம் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். உள்ளதைச் சொன்னேன். உத்தரவு வந்த அதே வாரம் முனிராஜ் நம் அலுவலகத்துக்கே வந்தார், லெட்டர் வந்துவிட்டது என்று சொன்னார், நான் இனிப்பை வாங்கித் தின்றேன், லெட்டரை வாங்கிப் பார்க்கவில்லை.

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, நான் எழுதியிருந்த வரியை அடித்தார். பிறகு, "அதையே எழுதுங்க. இனிப்பையும் எழுதுங்க" என்றார்.

எழுதினேன். பதவி உயர்வு போனால் போகட்டும் என்று வீரமாக நினைத்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி நினைக்கவில்லை. எரிச்சலோடும் பயத்தோடும்தான் எழுதினேன். கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர் நின்றுகொண்டே படித்துவிட்டு, கையெழுத்துக்கு மேலே பேனாவால் ஒரு வரி சேர்த்தார். "அந்த இனிப்பில் ஒரு துண்டு என் மேசைக்கும் வந்தது. எதற்கு என்று நானும் கேட்கவில்லை." அதற்குக் கீழே பெயரும் பதவியும் எழுதினார். எனக்கு அதைப் படித்ததும் நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது. மீதிப் பாதி விசாரணை நடந்த கிருஷ்ணகிரியில்தான் இறங்கியது.

மனுவோடு இன்னொரு தாளும் வேண்டும் என்றார் மேடம். முனிராஜ் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை அந்தக் கை என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்று கேட்டு எழுத வேண்டும். வரவழைத்தோம். கௌரம்மாவும் கூட வந்தார். முனிராஜை உட்கார வைத்துக் கேட்டேன். பல் தேய்ப்பீர்களா? தேய்ப்பேன் சார். குளிப்பீர்களா? குளிப்பேன் சார். சாப்பாடு பிசைவீர்களா? பிசைவேன் சார். எல்லாம் செய்வேன் சார். அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்ற கௌரம்மா ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் தலையைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தேன். நாலாவது கேள்வியில் முனிராஜ் திரும்பிப் பார்த்துவிட்டார். தெலுங்கில் என்னவோ முணுமுணுத்தார்.

"சட்டை பட்டனு நான்தான் சார் போடறேன். அன்னிக்கு போர்டுக்குப் போறப்பவும் நான்தான் போட்டேன்" என்றார் கௌரம்மா. "வெந்நீ சொம்பப் புடிச்சா சுடுறது தெரியல அவருக்கு. கொப்புளம் வந்தப்புறம்தான் தெரியும்."

முனிராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அது அம்மணமாக நிற்கிற மாதிரி இருந்திருக்கும். எனக்கும் நிமிர்ந்து பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் எழுதினேன்.

விசாரணைக்கு நாள் வந்தது. மேல்முறையீட்டு மன்றம் கிருஷ்ணகிரியில் முகாம் போட்டு விசாரிக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் மேடத்திடம், நாணயத்தை எடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"சொல்லாதீங்க. எடுக்க வந்தா எடுக்கட்டும். எடுக்க வராத மாதிரி நடிச்சா அது பொய்யில்லா? வராதது எதுவோ, அதை மறைக்காம இருந்தாப் போதும்னு சொல்லுங்க."

பஸ்ஸில் முனிராஜ் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேடம் சொன்னதை அப்படியே சொன்னேன். சரிங்க சார் என்றார். குந்தாரப்பள்ளி தாண்டும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். மடியில் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் நாணயத்தை வைத்து எடுத்துப் பழகிக்கொண்டிருந்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பழைய அரசாங்கக் கட்டடம் ஒன்றில் விசாரணை. கண்ணாடி போட்ட பெரிய மேசை. நடுவில் நீதிபதி, இரண்டு பக்கமும் டாக்டர்கள். முதலில் தாமதம். நீதிபதி எங்கள் குறிப்பை ஒரு வரி விடாமல் படித்தார். இதை எழுதியது யார் என்றார். எழுந்து நின்றேன்.

"இனிப்பு நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுங்க ஐயா" என்றேன். வேறு என்ன சொல்வது?

ஒரு டாக்டர் சிரித்துவிட்டார். நீதிபதி சிரிக்கவில்லை. தாமதம் மன்னிக்கப்படுகிறது என்று எழுதச் சொன்னார்.

அடுத்து கை. மூத்த டாக்டர் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து மேசையில் வைத்தார். முனிராஜின் முகம் மலர்ந்தது. கட்டைவிரலால் நாணயத்தின் ஒரு ஓரத்தை அழுத்தினார், மறு ஓரம் எழும்பியது, ஆள்காட்டி விரலை அடியில் நுழைத்து எடுத்துவிட்டார். ஒரே முயற்சி. பேனாவைப் பிடித்தார். டம்ளரைத் தூக்கி இறக்கினார். கண்ணாடியில் டம்ளரின் ஈர வட்டம் மட்டும் நின்றது. டாக்டர் குனிந்து எழுத ஆரம்பித்தார். கௌரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எல்லாம் போயிற்று, இவர் இரண்டாம் தடவையும் பாஸாகிவிட்டார் என்று நினைத்தேன். அவர்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

அப்போது நீதிபதி, போர்டு உத்தரவின் அசல் எங்கே என்று கேட்டார். முனிராஜ் இடது கையால் துணிப்பையிலிருந்து அந்த லேமினேஷனை எடுத்து வைத்தார். நீதிபதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கண்ணாடிமேல் தட்டையாக முனிராஜ் பக்கம் தள்ளினார். அது டம்ளரின் ஈரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

இடது கையால் எடுத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். டாக்டர்கள் பார்க்கிறார்களே என்று முனிராஜ் வலது கையை நீட்டினார். கட்டைவிரலால் ஓரத்தை அழுத்தினார். மறு ஓரம் எழும்பவில்லை. ஆள்காட்டி விரலால் சுரண்டினார். விரல் உத்தரவின் விளிம்பை விட்டு உள்பக்கமாக, அரை அங்குலம் தள்ளி, வெறும் பிளாஸ்டிக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அது அந்த விரலுக்குத் தெரியவில்லை. மறுபடியும் சுரண்டினார். நெற்றி வேர்த்துவிட்டது. மூத்த டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"ஓரம் எங்க இருக்குன்னு தெரியுதா?" என்றார் டாக்டர்.

"கண்ணுக்குத் தெரியுதுங்க சார்."

"விரலுக்கு?"

முனிராஜ் திரும்பி கௌரம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுக்கு நான் பழகலீங்க சார்" என்றார்.

டாக்டர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எதற்குப் பழகினீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். முனிராஜ் எல்லாவற்றையும் சொன்னார். நாணயம், பேனா, டம்ளர், மூன்று மாதம், கேட்டுக்குப் பக்கத்து மேசை. டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, அதே நாணயத்தை வலது கையில் வைத்து, கையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். முனிராஜ் வெகுநேரம் யோசித்தார். ஒன்றும் இல்லையே சார் என்றார். ஒரு சாவியை வைத்தார். இன்னும் வைக்கவில்லையா சார் என்று முனிராஜ் கேட்டார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சற்று முன்பு வந்த கோபத்துக்கு வெட்கப்பட்டேன்.

வெளியே வந்ததும் மூன்று பேரும் ஒரு கடையில் டீ குடித்தோம். அன்றுதான் முனிராஜ் எங்கள் எதிரில் முதல் தடவையாக இடது கையால் டம்ளரைப் பிடித்துக் குடித்தார். கௌரம்மா அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. போர்டின் முடிவு ரத்து. நிரந்தர இழப்பு உண்டு, அடிபட்டதற்கான சிகிச்சை முடிந்த நாளிலிருந்து கணக்கிட்டு ஆயுள் முழுவதும் கொடுக்க வேண்டும். மேடம் அதை என்னிடம் கொடுத்து, இருவரையும் உட்கார வைத்துத் தமிழில் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். புரியாத இடத்தைத் தெலுங்கில், என் அரைகுறைத் தெலுங்கில், திருப்பிச் சொன்னேன். முடித்ததும் முனிராஜ், "இதையாவது லேமினேஷன் பண்ணலாங்களா சார்?" என்று கேட்டார். முதலில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அப்புறம் செய்யுங்கள் என்றேன். கௌரம்மா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அதிலிருந்து எங்கள் கிளையில் ஒரு பழக்கம் வந்தது; நான் இருந்த வரைக்கும் நடந்தது. போர்டுக்குப் போகிறவரை ஐந்து நிமிடம் உட்கார வைத்து, இது நீங்கள் பாஸாக வேண்டிய இடம் இல்லை என்று சொல்லித்தான் அனுப்புவோம். எந்த உத்தரவையும் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவதில்லை. கவுன்டரில் வேகம் குறைந்தது. என் பதவி உயர்வும் ஒரு வருடம் தள்ளிப் போனது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. மேடம் மாற்றலாகிப் போகும்போது அந்தப் பென்சிலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதைச் சீவிச் சீவியே தீர்த்துவிட்டேன்.

முனிராஜ் பிறகு ஒரு ரோஜாத் தோட்டத்தில் கேட் காவலுக்குப் போனார். வருடத்துக்கு ஒரு தடவை, உயிரோடு இருக்கிறேன் என்று சான்றிதழ் கொடுக்க எங்கள் அலுவலகத்துக்கு வருவார். நான் ஓய்வு பெற்ற மாதமும் வந்தார். இனிப்புப் பெட்டி இருந்தது. இந்த முறை எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன். நீங்கள் ஓய்வு பெறுகிறீர்களே, அதற்கு என்றார்.

விளையாட்டாக என் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து மேசையில் வைத்தேன். "எங்க, அந்த வித்தையை ஒரு தரம் காட்டுங்க பாக்கலாம்."

முனிராஜ் வலது கையை நீட்டி, ஓரத்தை அழுத்தினார். நாணயம் நழுவிப் போனது. இன்னொரு தடவை அழுத்தினார். எழும்பவில்லை. அவர் முகத்தில் வெட்கம் எதுவும் இல்லை.

"விட்டுப் போச்சுங்க சார். கிருஷ்ணகிரிலருந்து வந்தப்புறம் பழகறதே இல்ல" என்றார். "இனிமே யாருக்குக் காட்டணும்?"

இடது கையால் நாணயத்தை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, அவர் பாட்டுக்கு மைசூர்பாகைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தார்.